அளவுக்கு நின்றவள்

பொன்னிக்கு வேலை கிடைத்தது அவள் கழுத்தால்தான். செங்கல்பட்டு பஜாரில் நகைக்கடை வைத்திருந்த பார்த்தசாரதி, விற்பனைக்கு ஆள் எடுத்த அன்று வந்திருந்த பெண்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார். படித்தவர்களையும் பேசத் தெரிந்தவர்களையும் விட்டுவிட்டு, பிளஸ் டூ தேறாத அவளைத்தான் முதலில் கூப்பிட்டார். நீளமான, கோடு விழாத கழுத்து. தட்டில் கிடந்தவரை யாரும் திரும்பிப் பார்க்காத அட்டிகையை அவள் போட்டுக்கொண்டு நின்றால் நாலு பேர் விலை கேட்டார்கள்.

கடைப் பெண்கள் சொந்த நகை போட்டுக்கொண்டு வரக் கூடாது. சரக்கோடு கலந்துவிடும் என்பார்கள். பொன்னி தினமும் காலையில் தன் அரைப் பவுன் கம்மலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு பஸ் ஏறுவாள். வீடு திருக்கழுக்குன்றம் போகிற வழியில். அம்மா செங்கம்மாள் சவுக்குத் தோப்பில் கூலி வேலை செய்தாள்.

நாலு வருஷத்தில் பொன்னிக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன. புடவையின் கரை அகலமாக இருந்தால் நீள ஆரம் அந்த ஜரிகையில் காணாமல் போய்விடும். கழுத்தை ஒட்டி ஒன்று போட்டால் போதும். வைரமும் மஞ்சள் தங்கமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் இரண்டுமே மங்கும். கழுத்து கனமாக இருந்தால் காது லேசாக இருக்க வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று நின்று வந்தது. கேட்காமல் எதையும் சொல்ல மாட்டாள். அவளிடம் யாரும் கேட்டதுமில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஐப்பசியில் தெய்வநாயகி கடைக்கு வந்தாள். கூடுவாஞ்சேரியில் அவளுடைய நிலமெல்லாம் மனைகளாகி விற்றுத் தீர்ந்திருந்த சமயம். ஒரே மகன் நரசிம்மனுக்குத் தை மாதம் கல்யாணம். மகாபலிபுரத்தில் கடலைப் பார்த்த ரிசார்ட் ஒன்றை ஒரு வாரத்துக்கு எடுத்திருந்தார்கள்.

அவளோடு சென்னையிலிருந்து பிரபாவதி என்று ஒருத்தி வந்திருந்தாள். எந்தப் புடவைக்கு எந்த நகை, எந்தக் கைக்கு எந்த வாட்ச், காலுக்கு என்ன செருப்பு என்பதையெல்லாம் முடிவு செய்கிறவள். ஸ்டைலிஸ்ட் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். அப்படி ஒரு வேலை இருப்பதும், அதற்கு ஒரு பெயர் இருப்பதும் பொன்னிக்கு அன்றுதான் தெரிந்தது.

"பொண்ணு வந்து போட்டுப் பாத்துட்டா நல்லதுங்கம்மா" என்றார் பார்த்தசாரதி.

"அவ அமெரிக்காவுல வேல செய்யறா. கல்யாணத்துக்கு நாலு நாளு முன்னாடிதான் வருவாளாம்."

"போட்டோ இருந்தாக்கூட..."

"போட்டோவுல இன்னா தெரியும்? போட்டோவுல எல்லாரும் செவப்புதான்." தெய்வநாயகி குரலைத் தாழ்த்தவில்லை. "பொண்ணு கறுப்பு சாரு. கல்பாக்கத்துல அப்பன் பெரிய ஆபீசரு, அவளுக்கும் நல்ல சம்பளம். அதுக்காவ ஒத்துக்கினேன். வைரத்தப் போட்டா மேடையில கல்லு மட்டுந்தான் தெரியும், பல்லு மாரி. அதான் பேஜாரா கீது."

பிரபாவதி சிரித்தாள். தெய்வநாயகியின் கண் அப்போதுதான் பொன்னிமேல் விழுந்தது.

"ஏய் பொண்ணு, இங்க வா. வெளிச்சத்துல நில்லு."

பொன்னி வந்து நின்றாள். தெய்வநாயகி அவள் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். முழங்கைக்கு மேலே ரவிக்கையை ஒதுக்கி அங்கே என்ன நிறம் என்று பார்த்தாள்.

"இதே கலரு. இதே ஒசரம். ஒடம்பு வாகும் இதேதான். சாரு, ரெண்டு நாளைக்கு இவள எங்கூட அனுப்பு."

பார்த்தசாரதி அனுப்பினார். தட்டுகளோடும் துப்பாக்கி வைத்திருந்த காவலாளியோடும் அவரே வேனில் கூட வந்தார்.

கல்யாண இடத்து வெளிச்சத்திலேயே பார்க்க வேண்டும் என்று அந்த ரிசார்ட்டில் பெரிய அறை ஒன்றை எடுத்து ஆளுயரக் கண்ணாடி வைத்திருந்தார்கள். பொன்னி காலை ஒன்பது மணிக்கு அதன் முன்னால் போய் நின்றாள். நிச்சயதார்த்தம், முகூர்த்தம், ரிசப்ஷன் என்று ஒவ்வொன்றுக்கும் நாலைந்து புடவைகள். ஒவ்வொரு புடவைக்கும் ஏழெட்டு விதமான நகைகள். கட்டி, போட்டு, பார்த்து, கழற்றி, மறுபடி கட்டி. புடவை கசங்கிவிடும் என்று உட்கார விடவில்லை. ஒட்டியாணத்தை இறுக்கியபோது மூச்சு முட்டியது. பிரபாவதி ஒவ்வொன்றையும் டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்தாள்.

"மூஞ்சி வேணாம்மா. தாடைக்குக் கீழ மட்டும் எடு" என்றாள் தெய்வநாயகி.

ரிசப்ஷனுக்கு வெளிர் நீலப் புடவையும் வைர அட்டிகையும், இரண்டு கைக்கும் தங்க வளையலும், அதோடு மாப்பிள்ளை வீட்டுப் பரிசான வைரம் பதித்த சுவிஸ் வாட்சும் என்று பிரபாவதி போட்டுவிட்டாள். எதுவும் சரியாக வரவில்லை. மூன்று முறை மாற்றினாள். தெய்வநாயகி கொட்டாவி விட்டாள். பொன்னியால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், அந்தக் கத்தரிப்பூ கலர் பொடவையக் கட்டிப் பாக்கலாமா? மஞ்சத் தங்கம் ஒண்ணும் வேணாம். எடது கையில வாட்ச் மட்டும், வலது கையில அந்த ஒத்த வைர வளையல்."

பிரபாவதி ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு கத்தரிப்பூ நிறப் புடவையை எடுத்தாள். வாட்ச் தளர்ந்து சுழன்றதால், அதில் மூன்று கண்ணிகளைக் கழற்றி மணிக்கட்டோடு உட்கார வைத்தாள். கட்டி முடித்ததும் அறையில் பேச்சு நின்றது. நகைகள் அவள்மேல் ஏற்றிவைத்தது போல இல்லை. அங்கேயே முளைத்தது போல இருந்தன. பொன்னி கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். இருபத்துநாலு வயதில், தான் அழகு என்று அவள் நினைத்தது அன்றுதான்.

"பிரபா, இதான். கரெக்டா புடிச்சிட்ட" என்றாள் தெய்வநாயகி.

"தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள் பிரபாவதி.

அதன்பின் தெய்வநாயகிக்கு விளையாட்டு வந்தது. சோபாவில் சாய்ந்துகொண்டு, "நடந்தா எப்டி கீதுன்னு பாக்க வேணாமா? நட" என்றாள். பொன்னி நடந்தாள். "மருமவளே, மாமியாளுக்குத் தண்ணி கொண்டா." பொன்னி பிரபாவதியைப் பார்த்தாள். பிரபாவதி கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னி தண்ணீர் கொண்டுவந்தாள். தெய்வநாயகி ஒரு வாய் குடித்துவிட்டு, "சூடு இல்ல. ஊத்திட்டு வேற கொண்டா" என்றாள். கூட வந்திருந்த உறவுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

முகூர்த்தப் புடவைக்கும் நீள ஆரத்துக்கும் மாற்றியதும், "இப்ப கால்ல விழு. குனிஞ்சா ஆரம் எங்க தொங்குதுன்னு பாக்கணும்."

பொன்னி விழுந்தாள். ஆரம் தரையில் உரசியது. தெய்வநாயகி அவள் உச்சந்தலையில் கை வைத்து அழுத்தியபடியே, "அமெரிக்காக்காரி இப்டி வுழுவாளா? இன்னிக்கே ஆசை தீரப் பாத்துக்கறேன்" என்றாள். மறுபடி சிரிப்பு. அடுத்த புடவை கட்டியதும் மறுபடி விழச் சொன்னாள். அதற்கடுத்த புடவைக்கும். சாயங்காலம் பொன்னி தன் பழைய புடவைக்கு மாறியபோது இடுப்பில் ஒட்டியாணத்தின் அச்சு சிவந்து பதிந்திருந்தது.

தை மாதம், கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ரோகிணி வந்தாள். கொக்கிகளும் திருகுகளும் பொன்னிக்குத்தான் பழக்கம் என்று பார்த்தசாரதி அவளை மறுபடி ரிசார்ட்டுக்கு அழைத்துப் போனார். ரோகிணி மெலிந்தவள். தோள்வரை வெட்டிய தலைமுடி. அவள் நிறம் பொன்னியின் நிறமேதான். தெய்வநாயகியின் கண்ணில் கொஞ்சமும் பிசகில்லை.

ரிசப்ஷன் புடவையைக் கட்டிப் பார்த்ததும் ரோகிணியின் முகம் மலர்ந்தது. "எல்லாரும் வெளியில இருங்க. நான் இவளோட பொறுமையா ட்ரை பண்றேன்" என்று கதவைச் சாத்தினாள்.

"உன் பேர் என்ன?"

"பொன்னி மேடம்."

"இந்த செட் பிரமாதமா இருக்கு பொன்னி. பிரபாவதி நல்லா செலக்ட் பண்ணியிருக்காங்க."

பொன்னி கொக்கியை மாட்டிக்கொண்டே இருந்தாள். அந்த அறையில் வேறு யாருமில்லை. தன்னை யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வாய் தானாகத் திறந்தது. "இத மட்டும் நாந்தான் மேடம் சொன்னேன்."

"நீயா? அப்போ உனக்குத்தான் தேங்க்ஸ்." ரோகிணி உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். கையைத் தூக்கி வாட்சைப் பார்த்தாள். "என் கைக்கு எந்த வாட்சும் லூசாதான் இருக்கும். இது இவ்ளோ கரெக்டா இருக்கு. யார் அளவு குடுத்தது?"

"எங்கைய வச்சுதான் எடுத்தாங்க மேடம்."

"உன் கை ஏன்?"

"நீங்களும் நானும் ஒரே கலரு, ஒரே ஒசரம்னு அம்மா சொன்னாங்க. அதான் எனக்குப் போட்டுப் பாத்தாங்க."

ரோகிணி பொன்னியின் கையை எடுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் கண்ணாடியில் பார்த்தாள். "ஆமா. ஒண்ணுதான்" என்று சிரித்தாள். பிடித்த கையை விடவில்லை. "அத்தை என் கலரைப் பத்தி வேற என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலியே மேடம்."

"சும்மா சொல்லு பொன்னி. உனக்கும் எனக்கும் நடுவுலதான். நான் நாலு நாள்ல அந்த வீட்டுக்குப் போறேன். யார் எப்படின்னு எனக்குத் தெரிய வேணாமா? இங்க எனக்குச் சொல்றதுக்கு வேற யார் இருக்கா?"

நாலு வருஷத்தில் எத்தனையோ பெண்கள் பொன்னியின் கையைப் பிடித்திருக்கிறார்கள், வளையலைத் திருப்பிப் பார்ப்பதற்காக. இப்படி ஒருத்தி பிடித்ததில்லை. பாவமாக இருந்தது. சொல்லிவிட்டாள். பல் மாதிரி என்றதை, சம்பளத்துக்காக ஒத்துக்கொண்டதை, தண்ணீரை, காலில் விழவைத்ததை, எல்லாவற்றையும். ரோகிணி பிடித்த கையை மெதுவாக விட்டாள். கடைசியில், "சரி, கழட்டு" என்றாள்.

வாட்சைக் கழற்றியதும் ரோகிணி எழுந்து கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனாள். அங்கே தெய்வநாயகியும் நரசிம்மனும் பிரபாவதியும் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தசாரதி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றாள் ரோகிணி.

நரசிம்மன் எழுந்துவிட்டான். ரோகிணி அத்தனையையும் சொன்னாள். ஒன்றைக்கூட விடவில்லை. தெய்வநாயகி அசையவில்லை.

"நான் அப்டி சொல்லுவனா? யாரு சொன்னது உனக்கு?"

ரோகிணி திரும்பி, வாசற்படியில் நின்ற பொன்னியைக் கை நீட்டிக் காட்டினாள். அதற்கு அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பிரபா, நீ கூடவே இருந்தியே. நான் சொன்னனா?"

பிரபாவதி நகத்தைப் பார்த்தாள். "நான் அந்த மாதிரி எதுவும் கேக்கலையே ஆன்ட்டி."

"சாரு, நீ கேட்டியா?"

பார்த்தசாரதி தட்டின்மேல் வெல்வெட் துணியைப் போட்டு மூடினார். "இல்லைங்கம்மா."

நரசிம்மன் ரோகிணியின் தோளைப் பிடித்து வெளி வராந்தாவுக்கு அழைத்துப் போனான். கண்ணாடிக் கதவு வழியாக அவர்கள் தெரிந்தார்கள். அவன் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினான். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருமுறை கண்ணைத் துடைத்தாள். ஒருமுறை ஏதோ கேட்டாள். அழைப்பிதழ் போயாயிற்று, கல்பாக்கத்தில் அவள் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வரப்போகிறார்கள், அவளுக்கு முப்பது வயது ஆகிறது. கால் மணி நேரம் கழித்து இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். ரோகிணியின் முகம் அமைதியாக இருந்தது. நேரே பொன்னியிடம் வந்தாள்.

"ஏன் இப்படிப் பொய் சொன்ன?"

அறைக்குள் கேட்ட அதே மென்மையான குரல். பொன்னி அவள் கண்ணைப் பார்த்தாள். நடந்தது நிஜம் என்று ரோகிணிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"மேடம், நான் பொய்..."

"கால்ல விழச் சொல்லு அவள" என்றாள் தெய்வநாயகி.

ரோகிணி சொன்னாள். "அத்தை கால்ல விழுந்து மன்னிப்பு கேளு."

பொன்னி பார்த்தசாரதியைத் திரும்பிப் பார்த்தாள். "விழு பொன்னி, நேரமாகுது" என்றார் அவர்.

விழுந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை இரண்டாவது முறைதான் வந்தது. "கேக்கல" என்றாள் தெய்வநாயகி. மூன்றாவது முறை சத்தமாகச் சொன்னாள். "மருமவ கால்லயும் வுழு. அவளத்தான அழ வச்ச." ரோகிணி காலை இழுத்துக்கொள்ளவில்லை. பொன்னியின் நெற்றி அவள் பாதத்தில் படும்வரை அப்படியே நின்றாள். பிறகு தலைக்கு மேலே அவள் குரல் கேட்டது.

"இவ போட்ட எதையும் நான் போட மாட்டேன் அத்தை. எல்லாம் புதுசா வேணும்."

"அப்டிச் சொல்லு!" தெய்வநாயகி எழுந்து வந்து ரோகிணியின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். மருமகளிடம் அவளுக்கு முதலில் பிடித்துப்போன விஷயம் அதுதான். இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

திரும்பும்போது வேனில் பார்த்தசாரதி நகைத் தட்டுகளை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஊர் நெருங்கும்போதுதான் பேசினார்.

"நீ பொய் சொல்றவ இல்லம்மா. எனக்குத் தெரியும். பிரபாவதிக்கும் தெரியும். அந்தப் பொண்ணுக்கு நல்லாவே தெரியும். ஆனா உன்னக் கடையில வச்சிருந்தா அந்தம்மா எங்கிட்ட வாங்க மாட்டாங்க."

அந்த மாதச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்தார். யூனிஃபார்ம் புடவையைத் துவைத்து யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னார். அவள் ஊர் முனையில் வேனை நிறுத்தி இறக்கிவிட்டார். குரலை உயர்த்தவேயில்லை.

செங்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள். "அவ கேட்டா நீ ஏண்டி வாயத் தொறந்த? அவ பெரிய எடத்துப் பொண்ணு. நாளைக்கே அவுங்க ஒண்ணாயிடுவாங்க. நீ யாரு அவுங்களுக்கு?"

பொன்னி மறைமலைநகர்ப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தாள். சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலை. கல்யாணத்துக்குப் போய்வந்த கடைப் பெண் ஒருத்தி பஸ்ஸில் பார்த்தபோது ரிசப்ஷனைப் பற்றிச் சொன்னாள். கத்தரிப்பூ நிறப் புடவை. வைர அட்டிகை. இடது கையில் வாட்ச் மட்டும், வலது கையில் ஒற்றை வளையல். எல்லாவற்றையும் அச்சாக அதே மாதிரி மூன்றே நாளில் புதிதாக வரவழைத்திருந்தார்களாம். மேடையில் பெண்ணைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனார்களாம். "அந்த ஸ்டைலிஸ்ட் அம்மாகிட்ட ஒரே கூட்டம்டி, நம்பர் வாங்க." பொன்னி கேட்டுக்கொண்டாள். தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மீதி வழியை நடந்தே போனாள்.

பங்குனியில் பிரபாவதி காரில் வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை, வேலியோரம் நின்றபடி பேசினாள்.

"அந்த ரிசப்ஷனால எனக்கு மூணு கல்யாணம் வந்திருக்கு. எனக்கு நீ வேணும். இங்க வாங்கறதுக்கு ரெண்டு மடங்கு தர்றேன்."

"அன்னிக்கு அந்தம்மா சொன்னத நீங்க கேட்டீங்க இல்ல மேடம்?"

"கேட்டேன்."

"அப்புறம் ஏன் இல்லன்னீங்க?"

"ஆமான்னு சொல்லியிருந்தா நானும் உன்னோட அந்த வேன்லதான் திரும்பி வந்திருப்பேன்." பிரபாவதி இதை வெட்கப்படாமல் சொன்னாள். "உனக்குக் கண்ணு இருக்கு. அத என்கிட்ட மட்டும் சொல்லு. கல்யாணப் பொண்ணுங்ககிட்ட வாயத் திறக்காத. என்ன கேட்டாலும் நல்லா இருக்குன்னு சொல்லு. அவ்ளோதான் வேல."

பொன்னி மறுநாள் அவளோடு போனாள்.

மூன்று வருஷத்தில் ஈ.சி.ஆர். பக்கம் நடந்த எத்தனையோ கல்யாணங்களில் அவள் நின்றாள். பலருக்கு அளவாக, பிறகு பலருக்குக் கொக்கி மாட்டுகிறவளாக. மாமியார்கள் அவள் முன்னால் மருமகள்களைப் பற்றிப் பேசினார்கள். மருமகள்கள் மாமியார்களைப் பற்றிப் பேசினார்கள். பொன்னி திருகாணிகளைத் திருகினாள்.

கோவளத்தில் ராபியா என்ற அம்மாள் தன் மகள் ஃபைஸாவின் நிக்காஹ்வுக்கு அவர்களை அழைத்திருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். மாநிறம், குட்டைக் கழுத்து, காலையிலிருந்து வயிற்றுவலி. பிரபாவதி பக்கத்து அறையில் போனில் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் துபாயிலிருந்து கொண்டுவந்திருந்த அகலமான தங்க அட்டிகையைப் பொன்னி எடுத்து ஃபைஸாவுக்குப் போட்டாள். போட்டதுமே தெரிந்தது. அது அவள் கழுத்தை முழுசாக விழுங்கிவிட்டது. மஞ்சள் துப்பட்டாவோடு சேர்ந்து முகம் நோயாளி முகம் போல ஆகிவிட்டது. பெட்டியில் மெல்லிய நீள ஆரம் ஒன்று கிடந்தது. அதைப் போட்டால் இந்தப் பெண் வேறொருத்தியாகிவிடுவாள்.

ஃபைஸா கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். "அக்கா, நெஜத்தச் சொல்லுங்க. எனக்கு இது நல்லா கீதா? அவங்க வூட்டு ஆளுங்க எல்லாம் பாப்பாங்க. எனக்குப் பயமா கீது."

சொல்ல வேண்டாம் என்று தடுக்க அங்கே யாருமில்லை. ஆரத்தை எடுத்து மாட்ட அரை நிமிஷம் போதும்.

"சூப்பரா கீது" என்றாள் பொன்னி.

"நெஜமாவா?"

"நெஜமா. நீ சிரிச்சிகினே போ."

அட்டிகையை இன்னும் ஒரு கண்ணி இறுக்கி மாட்டினாள். ஃபைஸா முகம் சுளித்தாள், பிறகு சிரித்தாள். ராபியா வந்து மகளைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். கூடத்திலிருந்த பெண்களின் பேச்சு ஒரு கணம் அடங்கியது. பிறகு யாரோ ஒருத்தி மெதுவாக ஏதோ சொல்ல, இன்னொருத்தி சிரித்தாள்.

பொன்னி அறைக்குள்ளேயே இருந்தாள். நீள ஆரத்தை அதன் பஞ்சில் வைத்து மூடினாள். காலிப் பெட்டிகளைப் பெரிதுக்குள் சிறிதாக அடுக்க ஆரம்பித்தாள்.